வீடியோ காலில் எப்படிச் சாப்பிட வைப்பார்கள்?

“வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள். இதற்கு வீடியோ காலில் ஒருவர் வந்து என்ன செய்துவிடப் போகிறார்?”

சிறு குழந்தைகளின் சாப்பாட்டுச் சிக்கலுக்குத் தொலைவிலிருந்தே உதவி பெறலாம் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கரண்டி பிடிக்கக் கை வேண்டும். திரைக்குக் கை கிடையாது.

இதற்கு நேர் எதிர்ப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘குழந்தை தட்டைக் காலி செய்ய ஐந்து வழிகள்’ என்று அரை நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, தொலைவழி உதவி என்பது இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுபவர்கள். இரு தரப்பும் சறுக்குவது ஒரே இடத்தில். உதவி திரை வழியாகக் குழந்தைக்குப் போகிறது என்று இருவரும் நினைக்கிறார்கள். அது போய்ச் சேர வேண்டிய ஆள் வேறு. குழந்தைக்கு எதிரே கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்.

ஏன் அப்படி என்று புரிய, சாப்பிடுவது என்ற காரியத்தையே முதலில் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## விழுங்குவது ஒரு வித்தை

வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். படாத பாடு படுவீர்கள். அடுத்து, வாயை மூடி, முகத்தைக் கூரையைப் பார்த்து நிமிர்த்தி விழுங்குங்கள். முடியும், ஆனால் தொண்டை இழுத்துப் பிடிக்கும். கடைசியாக, உயரமான ஒரு ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்து கடினமான எதையாவது மென்று பாருங்கள். உடம்பு தன்னைத் தாங்கிக்கொள்வதிலேயே பாதிக் கவனம் போய்விடும்.

ஒரு வாய் உணவு உள்ளே போக ஏறக்குறைய முப்பது தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்கின்றன. உதடு மூடும், நாக்கு உணவை உருட்டிப் பின்னால் தள்ளும், மூச்சுக்குழல் ஒரு கணம் அடைபடும், மூச்சு நிற்கும், உணவு வழுக்கிக்கொண்டு உணவுக்குழலில் இறங்கும், மறுபடி மூச்சு வரும். இந்த வரிசை கொஞ்சம் பிசகினாலும் நமக்குப் புரையேறுகிறது. நாம் இருமி, தலையில் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு வயதுக் குழந்தையால் அப்படி மறக்க முடிவதில்லை.

பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்க யாரும் கற்றுத்தருவதில்லை. அது அனிச்சைச் செயல். உடம்பு தானாகச் செய்வது. கரண்டியை வைத்தால் நாக்கால் வெளியே தள்ளுவதும் அப்படிப்பட்டதுதான். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இந்த அனிச்சைகள் மெல்லக் கழன்றுகொள்கின்றன. அதன் பிறகு கடிப்பது, மெல்வது, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உணவை நகர்த்துவது எல்லாமே பழகிப் பெற வேண்டியவை. இதற்கு ஒரு பருவமும் உண்டு. பிரிட்டனில் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2001-இல் வெளிவந்தது. கட்டியும் துண்டுமான உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே முதன்முதலாகச் சந்தித்த குழந்தைகளுக்கு, பதினைந்தாம் மாதத்தில் ஊட்டுவது கடினமாக இருந்தது என்று அது காட்டியது.

சைக்கிள் பழகுவதோடு இதை ஒப்பிடலாம். பெடலும் சமநிலையும் பார்வையும் கூடி வந்தால்தான் சைக்கிள் நகரும். ஒன்று தவறினாலும் கீழே விழ வேண்டியதுதான். பத்து முறை விழுந்த பிள்ளை பதினொன்றாம் முறை சைக்கிளைக் கண்டாலே ஓடும். அதைப் பார்த்து, ‘சைக்கிள் ஓட்ட ஆசையே இல்லை’ என்று நாம் சொன்னால் எப்படி? குறைமாதத்தில் பிறந்து குழாயில் பால் குடித்த குழந்தைக்கும், நெஞ்சுவரை அமிலம் ஏறி எரிந்த குழந்தைக்கும், ஒருமுறை தொண்டையில் சிக்கித் திணறிய குழந்தைக்கும் கரண்டி அந்தச் சைக்கிளைப் போலத்தான்.

இதுவரை சொன்னது: சாப்பிடுவது பசி இருந்தால் தானாக வந்துவிடும் காரியமல்ல. கற்றுக்கொள்வது. கற்கும்போது அடிபட்டால் மறுப்பு வரும்.

## இது சாதாரண அடமா?

பெரும்பாலான வீடுகளில் ‘சாப்பிட மாட்டேன் என்கிறான்’ என்பது நோயே அல்ல. முதல் பிறந்தநாள் வரை குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அடுத்த ஒரு வருடத்தில் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோ. வளர்ச்சியின் வேகம் இவ்வளவு குறையும்போது பசியும் குறையாமல் என்ன செய்யும்? போதாததற்கு, இரண்டு முதல் ஆறு வயதுக்குள் புதிய உணவைக் கண்டால் மிரளும் சுபாவம் உச்சத்தில் இருக்கிறது. இதைப் புதுஉணவு அச்சம் என்பார்கள். நடக்கப் பழகிய பிள்ளை கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை போட்ட தாழ்ப்பாள் என்று சிலர் விளக்குகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஒரே காயை எட்டு, பத்து, பதினைந்து முறை வற்புறுத்தலின்றிப் பார்த்துப் பழகிய பிறகு பல குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையிலேயே அந்தக் காயைக் கைவிட்டுவிடுகிறோம்.

கோளாறு என்பது இதற்கு அப்பால். 2019-இல் மருத்துவர்களும் சிகிச்சையாளர்களும் கூடி ஒரு பொது வரையறையை வெளியிட்டார்கள். வயதுக்கு ஏற்றபடி வாய்வழியாக உண்ண முடியாத நிலை குறைந்தது இரண்டு வாரம் நீடித்து, அதோடு நான்கில் ஏதாவது ஒன்றிலாவது பாதிப்பு இருந்தால் அது குழந்தைப் பருவ உண்ணல் கோளாறு. அந்த நான்கு: உடல்நலம், ஊட்டச்சத்து, மெல்லும் விழுங்கும் திறன், மனமும் வீட்டுச் சூழலும். ஒரே குழந்தையிடம் இவற்றில் இரண்டு மூன்று பின்னிக்கிடப்பதுதான் வழக்கம். அதனால்தான் மருத்துவரை மட்டும் பார்த்தும் தீராது, டயட்டீஷியனை மட்டும் பார்த்தும் தீராது.

‘ஆர்ஃபிட்’ என்ற சொல்லும் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் சேர்த்துக்கொண்ட பெயர் அது. உடல் பருத்துவிடும் என்ற கவலை துளியும் இல்லாமல், உணவின் மணம், தொடுகை போன்றவற்றைத் தாங்க முடியாமலோ, சிக்கிவிடும் என்ற பயத்தாலோ, உணவில் நாட்டமே இல்லாமலோ மிகக் குறைவாக உண்டு அதனால் உடலோ அன்றாட வாழ்வோ பாதிக்கப்படுவதை அது குறிக்கும். ஒரு குழந்தை கீரையைத் தள்ளி வைத்தவுடன் ஒட்டக்கூடிய பட்டம் அல்ல.

## சாப்பாட்டு வேளையில் சுழலும் சக்கரம்

குழந்தை ஒரு வாய் மறுக்கிறது. அம்மாவுக்குப் பதற்றம். கெஞ்சல், கதை, கார்ட்டூன், கடைசியில் அதட்டல். குழந்தைக்கும் பதற்றம் தொற்றுகிறது. பதறிய உடம்பு பசியை அடக்கிவிடும். இன்னும் கொஞ்சமாகச் சாப்பிடுகிறது. அம்மாவுக்கு இன்னும் பதற்றம். அடுத்த வேளைக்குக் கிண்ணத்தை எடுக்கும் சத்தம் கேட்டதுமே இரண்டு பேருக்கும் வயிறு கலங்குகிறது.

வற்புறுத்தல் வேலை செய்வதில்லை என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பள்ளி முன்பருவக் குழந்தைகளிடம் ஒரு சூப்பை ‘குடித்து முடி’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு சூப்பை எதுவும் சொல்லாமல் வைத்தார்கள். சொல்லாமல் வைத்ததைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். குடிக்கச் சொன்னதைப் பற்றிக் குறையும் கூறினார்கள். சொன்ன வார்த்தை அவ்வளவு கடுமையானதுகூட அல்ல.

அமெரிக்க உணவியலாளரும் குடும்பநல ஆலோசகருமான எலின் சாட்டர் இதற்கு ஒரு வேலைப் பிரிவினையைச் சொன்னார். எது, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. கேட்க எளிது. மூன்று மாதமாக எடை கூடாத குழந்தையின் எதிரே உட்கார்ந்து ‘எவ்வளவு என்பது உன் விருப்பம்’ என்று சும்மா இருக்க எந்தத் தாயாலும் தனியாக முடியாது. பக்கத்தில் யாராவது இருந்து, ‘இப்போது சும்மா இருக்கலாம், நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும்.

இந்தச் சக்கரத்துக்குப் பெற்றோர் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பல சமயம் வலியோ விழுங்கும் சிரமமோதான் முதலில் சக்கரத்தைத் தள்ளிவிட்டிருக்கும். அது நின்ற பிறகும் சக்கரம் தானாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். வலியை மருத்துவம் தீர்க்கலாம். மிச்சமிருக்கும் சுழற்சியை நிறுத்த வேண்டிய இடமோ வீடு.

## போனில் சமையல் கற்றதுண்டா?

முதன்முதலாகத் தனியாக இருக்கும் பெண் அம்மாவுக்குப் போன் போட்டுச் சமைப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். “இப்போ என்ன நிறத்துல இருக்கு? கரண்டியில எடுத்துச் சாய்ச்சுப் பாரு, சொட்டுதா, கட்டியா விழுதா? அடுப்பைக் கொஞ்சம் குறை.” அம்மா அங்கே அடுப்பைத் தொடுவதில்லை. சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்கிறாள். நாலு நாளில் அந்தக் கேள்விகளைப் பெண் தானே கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறாள்.

தொலைவழி உதவியின் இயக்கம் இதேதான். பயிற்சி பெற்ற ஒருவர் தொலைவிலிருந்து, குழந்தையின் சாப்பாட்டு வேளையைக் கவனித்து, குழந்தையோடு இருப்பவரை வழிநடத்துகிறார். அந்த ஒருவர் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கலாம். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பேச்சும் விழுங்கலும் ஒரே வாய், ஒரே தொண்டை என்பதால் விழுங்கும் சிக்கலும் அவர்கள் படிப்பில் அடக்கம். டயட்டீஷியன், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், உளவியலாளர், குழந்தை நல மருத்துவர் என்று பலர் சேர்ந்த குழுவாகவும் இருக்கலாம்.

உதவி இரண்டு வகையில் வரும். நேரலை என்பது, சாப்பிடும் நேரத்திலேயே வீடியோ காலில் இருந்து பார்ப்பது. பதிவுவழி என்பது, வீட்டில் எடுத்த வீடியோவையும் உணவுக் குறிப்பையும் அனுப்பிவைத்து, அவர்கள் பிறகு பார்த்துப் பதில் சொல்வது. நேரலைதான் உசத்தி என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதிவை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், அதே பத்து நொடியை நான்கு முறை பார்க்கலாம். பெற்றோரும் கூடவே உட்கார்ந்து பார்க்கும்போது, சாப்பாட்டு நேரப் பரபரப்பில் கண்ணில் படாதது படுகிறது: கரண்டி வருவதற்கு முன்பே குழந்தையின் தோள் இறுகியிருப்பது, முதல் வாயை மென்று முடிப்பதற்குள் அடுத்த வாய் உதட்டருகே நிற்பது, பத்து நிமிடத்தில் நாம் ‘சாப்பிடு’ என்று எத்தனை முறை சொன்னோம் என்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுப் பலரும் சிரித்துவிடுவார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு.

வழக்கமான ஒரு சுற்று இப்படிப் போகும். முதலில் குழந்தையின் பிறப்பிலிருந்து இன்றுவரையான கதை, எடை உயரக் குறிப்புகள், மருந்துகள். பிறகு சில நாட்களுக்கு எதை, எப்போது, எவ்வளவு சாப்பிட்டது என்ற குறிப்பு. இதில் பாலையும் சாற்றையும் விட்டுவிடக்கூடாது. சாப்பிடுவதே இல்லை என்று சொல்லப்படும் குழந்தை நாள் முழுக்கப் பாட்டிலில் வயிற்றை நிரப்பிக்கொண்டிருப்பது இந்தக் குறிப்பில்தான் வெளிவரும். அதன் பின் சாப்பாட்டு வீடியோ. கேமராவை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைக்கச் சொல்வார்கள். தாடை, கழுத்து, மார்பு மூன்றும் தெரிந்தால்தான் மெல்லுவதும் விழுங்குவதும் மூச்சும் பிடிபடும். டிவியை அணைக்கச் சொல்வார்கள். விழுங்கிய பிறகு குரல் தெளிவாக இருக்கிறதா, கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பிறகு மாற்றம். ஒரு தடவைக்கு ஒன்றுதான். தொங்கும் கால்களுக்குக் கீழே ஒரு பெட்டியை வைப்பது முதல் வாரம் முழுக்கச் செய்யும் ஒரே மாற்றமாக இருக்கலாம். அடுத்த வாரம், இடைத்தீனியை நிறுத்தி வேளைகளுக்கு நடுவே இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளி. அதற்கடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் ஊட்டல் நீளாமல் பார்த்துக்கொள்வது. நேரலையில் சிலர் பெற்றோரை ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். “கரண்டியைக் கீழே வையுங்கள். பொறுங்கள். அவளே குனிந்து பார்க்கிறாள், பாருங்கள்.” குழந்தைக்கு அந்தக் குரல் கேட்காது. குழந்தை திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு வரியில்: கண் அங்கே, கை இங்கே. பழகுவது அந்தக் கை.

## தூரமே நல்லதாகும் சமயங்கள்

தெரபி அறையில் குழந்தை உட்காருவது வேறு யாருடைய நாற்காலியோ. கரண்டி வேறு, வெளிச்சம் வேறு, எதிரே இருப்பவர் புதியவர். ஊசி போட்டதும் இதே போன்ற ஓர் அறையில்தான். அங்கே மருண்டு வாயை மூடிக்கொள்ளும் குழந்தையை வைத்து வீட்டுச் சிக்கலை எப்படிக் கணிப்பது? எதிர்மாறாகவும் நடக்கும். தெரபிஸ்ட் கையால் அழகாகச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பழைய கதை. கற்றுக்கொண்டது தெரபிஸ்டின் கை, வீட்டிலுள்ள கை அல்ல.

வீட்டுக் காட்சி பொய் சொல்லாது. மேசை குழந்தையின் முகவாய்க்கு மேலே இருப்பது தெரியும். சமையலறையிலிருந்து யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும். அப்பா ஊட்டும்போது சாப்பிடுவதும் பாட்டி ஊட்டும்போது துப்புவதும், அல்லது நேர்மாறாகவும், ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கும். எல்லோரும் ஒரே அழைப்பில் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்பது இன்னொரு லாபம். ‘டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை’ என்ற வீட்டுச் சண்டைக்கு இடமில்லை. தொற்றுக்கு அஞ்சி வெளியே கொண்டுபோக முடியாத பலவீனமான குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை விளக்க வேண்டியதில்லை; 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் இந்த முறை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

## சிரிஞ்சும் முள்கரண்டியும்

போனில் பேசும்போது ஒரு தொல்லை உண்டு. ‘கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள்’ என்றால் எவ்வளவு கெட்டி? விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு இது சில்லறை விஷயமல்ல. நீர் போன்றது வேகமாக ஓடி மூச்சுக்குழல் பக்கம் போய்விடலாம். மிகவும் கெட்டியானது தொண்டையில் தங்கிவிடலாம்.

இதற்காகவே ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோல் உருவானது. தண்ணீருக்கு 0, வழக்கமான உணவுக்கு 7 என்று மொத்தம் எட்டுப் படிகள். அளக்கும் கருவியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: 10 மி.லி. சிரிஞ்சு. தண்டை உருவி எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, பானத்தை 10 மி.லி. கோடுவரை ஊற்றுகிறோம். விரலை எடுத்து, பத்து நொடி ஓடவிட்டு, மறுபடி அடைக்கிறோம். உள்ளே ஒரு மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் அது படி 0. ஒன்று முதல் நான்கு என்றால் படி 1. நான்கு முதல் எட்டு என்றால் படி 2. எட்டுக்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது சொட்டியிருந்தால் படி 3. ஒரு சொட்டும் இறங்கவில்லை என்றால் படி 4. எல்லா சிரிஞ்சும் ஒரே பருமன் அல்ல என்பதால், பூஜ்யத்திலிருந்து 10 மி.லி. கோடுவரை 61.5 மி.மீ. நீளம் உள்ளதாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

திட உணவுக்கு முள்கரண்டி. நறுக்கி நனைத்த உணவில் குழந்தைக்கான துண்டு 2 மி.மீ. அகலம், மென்மையான கடித்துண்டு என்றால் 8 மி.மீ. வழக்கமான முள்கரண்டியின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 4 மி.மீ. என்பதால் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் ‘படி 2’ என்று சொன்னால், சமையலறையில் நிற்பவர் அதே படி 2-ஐக் கலக்க முடிகிறது. எந்தப் படி என்று முடிவு செய்வது மட்டும் குழந்தையைப் பரிசோதித்தவரின் வேலை. நாமாகப் பாலைக் கெட்டியாக்கிப் பார்ப்பது ஆபத்து.

## குழாயிலிருந்து தட்டுக்கு

மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளை வழியாகவோ இரைப்பைக்குப் போகும் குழாய் பல குழந்தைகளின் உயிரைக் காக்கிறது. உயிர் காத்து முடிந்த பிறகு அதை விட்டு வெளியே வருவதுதான் பாடு. நாள் முழுவதும் குழாய் வயிற்றை நிரப்பினால் பசி என்றால் என்ன என்றே குழந்தைக்குத் தெரியாது. பசி தெரியாததால் வாயால் சாப்பிடாது. சாப்பிடாததால் குழாய் தொடரும்.

குழாய் மறக்கடித்தல் என்பது, மருத்துவக் கண்காணிப்பில் குழாய் உணவைக் குறைத்துப் பசியை வரவழைத்து, வற்புறுத்தாமல் உணவோடு விளையாட விட்டு வாய்வழி உண்ணலுக்குக் கொண்டுவருவது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மார்கரீட் டுனிட்ஸ்-ஷியர், பீட்டர் ஷியர் என்ற குழந்தை மருத்துவர்களின் குழு இதில் பல ஆண்டு அனுபவம் கொண்டது. நேரில் வர முடியாத குடும்பங்களுக்கு இணையம் வழியாகவே, அன்றாடம் தொடர்பில் இருந்து, இதைச் செய்யத் தொடங்கினார்கள். நேரில் வந்தவர்களையும் இணையவழியில் இருந்தவர்களையும் ஒப்பிட்ட அவர்களுடைய கட்டுரை 2014-இல் வெளியானது. இரு பிரிவிலும் பெரும்பாலான குழந்தைகள் குழாயை விட்டதாக அது சொல்கிறது. ஆய்வை எழுதியதும் சிகிச்சையை நடத்தியதும் ஒரே குழு என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் இவ்வளவு நுட்பமான காரியமே தொலைவிலிருந்து சாத்தியம் என்பது சிறிய செய்தி அல்ல.

எடை, சிறுநீர், சுறுசுறுப்பு மூன்றையும் தினமும் கணக்கு வைத்து, உள்ளூர் மருத்துவரும் கூட நின்றால் மட்டுமே இது பாதுகாப்பு. குழாய் உணவைப் பெற்றோர் தாமாகக் குறைத்துப் பார்க்கவே கூடாது.

## திரைக்கு எட்டாதவை

புரையேறினால் இருமல் வரும் என்றுதான் நாம் அறிவோம். சில குழந்தைகளுக்கு, முக்கியமாக நரம்பு சார்ந்த சிக்கல் உள்ளவர்களுக்கு, உணவு மூச்சுக்குழலில் இறங்கியும் இருமலே வராது. இதைச் சத்தமில்லாப் புரை என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு தேர்ந்த கண்ணாக இருந்தாலும் கேமராவில் இது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்கூடத் தெரியாமல் போகும். விழுங்கும்போதே எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனையோ, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கிப் பார்ப்பதோ தேவைப்படும். இரண்டுக்கும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்ப்பது, அண்ணத்தைத் தடவிப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை இவையும் அப்படியே.

சாப்பிடும்போதெல்லாம் இருமல், சாப்பிட்ட பின் நீரில் நனைந்தது போன்ற குரல், அடிக்கடி நிமோனியா, எடை குறைதல் ஆகியவை இருந்தால் முதலில் நேரடிப் பரிசோதனை. பிறகுதான் வீடியோ கால். உதடு நீலமாவது, பச்சை நிற வாந்தி, பல மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் துவண்டு கிடப்பது எல்லாம் அவசரம். இன்னொன்றும் உண்டு: நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்ட குழந்தை திடீரென எதையும் விழுங்காமல் எச்சில் ஒழுக நின்றால், எதையாவது விழுங்கியிருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழலைப் புண்ணாக்கிவிடும். அந்த நேரத்தில் யாருக்கும் மெசேஜ் அனுப்பிக் காத்திருக்கக்கூடாது.

ஓங்கரிப்புக்கும் மூச்சடைப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஊட்டும் எல்லோருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும். அது காவல், பெரும்பாலும் தானே சரியாகும். மூச்சடைத்த குழந்தையிடமிருந்து சத்தமே வராது. வீடியோ காலில் இருப்பவரால் முதுகில் தட்ட முடியாது. அதனால் நல்ல சிகிச்சையாளர்கள், முதலுதவி தெரியுமா என்று முன்பே கேட்பார்கள். ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும், ‘இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்?’ என்றும் கேட்பார்கள். அவசரம் வந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டும் அல்லவா? இந்தக் கேள்வியைக் கேட்பவர் தன் வேலையை அறிந்தவர் என்று கொள்ளலாம்.

சுருக்கமாக: வேளை எப்படி நடக்கிறது என்பதைத் திரை நன்றாகக் காட்டும். தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது.

## யாரிடம், எதுவரை?

முதல் அழைப்பிலேயே நாமும் சிலவற்றைக் கேட்கலாம். உங்கள் படிப்பு என்ன, எந்தப் பதிவு உரிமம், நாங்கள் வசிக்கும் பகுதியில் அது செல்லுமா? எங்கள் குழந்தை மருத்துவரோடு பேசுவீர்களா? வீடியோக்களை எங்கே வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்? குழந்தை அரைகுறை ஆடையோடு அழுதுகொண்டிருக்கும் பதிவு அது. கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி. எடையைக் கூடக் கேட்காமல் முதல் பேச்சிலேயே ‘இத்தனை நாளில் சாப்பிட வைக்கிறோம்’ என்று உறுதி தருபவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். வீட்டார் தட்டைப் பார்ப்பார்கள். சிகிச்சையாளர் பார்ப்பது வேறு: நாற்காலியில் அழாமல் உட்காருவது, புதிய துண்டை விரலால் தொடுவது, முகர்வது, நக்கிவிட்டு வைப்பது. இவற்றில் ஒன்றும் வயிற்றை நிரப்பாது. ஆனாலும் வாயில் போடுவதற்கு முன்னால் உள்ள படிகள் இவை, தாண்டிக் குதிக்க முடியாதவை. அதுவரை எடை விழாமல் பார்த்துக்கொள்வது டயட்டீஷியன் வேலை.

வாரம் ஒன்று என்றிருந்த அழைப்பு மாதம் ஒன்றாகும், பிறகு தேவைப்பட்டால் மட்டும் என்றாகும். நடுவில் ஒரு காய்ச்சல் வந்து, ஏற்றுக்கொண்ட நாலு உணவையும் குழந்தை ஒரே நாளில் மறுத்துவிடலாம். இது கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நடக்கும். பல் முளைத்தாலும், வீடு மாறினாலும், தம்பி தங்கை பிறந்தாலும் அப்படித்தான். பழைய படிகளிலேயே மறுபடி ஏறினால் போதும்; முதல்முறை ஆறு வாரம் எடுத்தது இந்த முறை சில நாட்களிலேயே நடந்துவிடுவதும் உண்டு. அப்போது கேமராவை எந்தப் பக்கம் வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.